முதல் கட்டளை எதையும் அழிக்கக் கூடாது

வடசென்னையைப் பற்றிய நினைவுகளைத் தொகுப்பதற்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய இணையதளம் ஒன்றுக்கு, பின்னூட்டங்களை ஏபிஐ (ஒரு நிரல் தளத்தோடு நேரடியாகப் பேசும் வழி) வழியாக நீக்கும் கருவியொன்றைச் சென்ற ஆண்டு எழுதிக் கொடுத்தேன். கருவியை எழுத இரண்டு இரவுகள் போதுமாக இருந்தன. அதைப் பயன்படுத்துகிறவர் வழிதவறாமல் இருக்கும்படி ஒரு கையேட்டை எழுதி முடிக்க நான்கு மாதங்கள் பிடித்தன. அந்த நான்கு மாதங்களில் தெரிந்துகொண்டவற்றை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் தளத்தில் கட்டுரைகளைவிட அவற்றின் கீழே வரும் பின்னூட்டங்களையே நான் பெரிய சொத்தாக நினைக்கிறேன். ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது என்பதைப் பல நூல்களில் படித்துக்கொள்ளலாம். அந்த நிலையத்தின் தூண்களுக்கு நடுவே தம்பியோடு மழைக்கு ஒதுங்கி நின்ற நாளை ஒருவர் எழுதும்போது, அது வேறு எங்கும் கிடைக்காது. பெரம்பூரில் 1996-இல் மூடப்பட்ட பி அண்ட் சி என்ற துணி மில்லைப் பற்றிய கட்டுரைக்குக் கீழே, சங்கு ஊதியதும் தெருவே எழுந்துகொண்ட கதையை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வாசலிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். இவற்றுக்கு இடையில்தான் உடனடிக் கடன், ஆன்லைன் ரம்மி, வீட்டிலிருந்தே சம்பாத்தியம் என்று விளம்பரங்கள் வந்து குவிகின்றன. தளம், இணையதளங்களை நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் இயங்குகிறது. நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொன்றாகக் குறியிட்டு நீக்கும் வேலையில் எங்கள் தன்னார்வலர்கள் சோர்ந்துபோனார்கள் என்பதால்தான் கருவி தேவைப்பட்டது.

முதல் கையேட்டை ஒரே மாலையில் எழுதினேன். நிறுவும் முறை, கடவுச்சொல்லைக் கொடுக்கும் முறை, அதற்குக் கீழே ஓர் எடுத்துக்காட்டுக் கட்டளை, அவ்வளவுதான். அந்தக் கட்டளையில் தேடுசொல்லாகக் 'கடன்' என்று இருந்தது. கடைசியில், நிரந்தரமாக அழிக்கச் சொல்லும் 'ஃபோர்ஸ்' என்ற விருப்பமும் சேர்ந்திருந்தது. என் சோதனைத் தளத்தில் நான் அப்படித்தான் ஓட்டியிருந்தேன், அதை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். அடுத்த வாரம் கல்லூரி மாணவர் ஒருவர், இரவு பதினொரு மணிக்குமேல், அந்தக் கட்டளையைப் படியெடுத்து எங்கள் உண்மையான தளத்தின் மீது ஓட்டினார். 43 பின்னூட்டங்கள் நிரந்தரமாக அழிந்தன. அவற்றில் 37 விளம்பரங்கள். மீதி ஆறும் மனிதர்கள் எழுதியவை. ஒன்றில் 'நன்றிக்கடன்' என்ற சொல் இருந்தது. இன்னொன்றில் 'கடன்பட்டிருக்கிறோம்' என்று இருந்தது. திருவொற்றியூர்க் கோயிலைப் பற்றிய கட்டுரையின் கீழே இருந்தவற்றில் 'நேர்த்திக்கடன்' இருந்தது.

சர்வரில் வாரத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் தரவுத்தள நகலிலிருந்து ஐந்தை மீட்டோம். ஆறாவது பின்னூட்டம் அந்த நகலுக்குப் பிறகு வந்தது. அதைப் படித்திருந்தவர் எங்கள் குழுவில் ஒருவர்தான், தண்டையார்பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே அழைப்போம். கடலுக்குப் போன மகன் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஓர் அம்மா, காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னதி வரை வெள்ளிக்கிழமைதோறும் நடந்தே போனதாக அவருடைய மகள் எழுதியிருந்தாராம். மகன் வந்தாரா, இல்லையா என்பது டீச்சருக்கு நினைவில்லை. எழுதியவரின் மின்னஞ்சல் முகவரியும் பின்னூட்டத்தோடு சேர்ந்தே அழிந்துவிட்டதால், திரும்பக் கேட்கவும் வழியில்லை.

அந்த மாணவர் கையேடு சொன்னதைத்தான் செய்தார். தவறு கையேட்டில் இருந்தது, அதாவது என்னிடம் இருந்தது. கையேட்டை யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதில்லை. தட்டச்சு எழுத்தில், கட்டத்துக்குள் இருக்கும் முதல் கட்டளையை எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆகவே அழிக்கும் கருவி ஒன்றின் கையேட்டில், கண்ணில் படும் முதல் கட்டளை எதையும் அழிக்காததாக இருக்க வேண்டும். இப்போதைய கையேட்டின் முதல் கட்டளை, எந்தப் பின்னூட்டங்கள் சிக்கும் என்ற பட்டியலை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். கருவியையும் அதற்கேற்ப மாற்றினேன்: எதுவும் சொல்லாமல் ஓட்டினால் ஒத்திகை, அழிப்பதற்குத்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வரைவை டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, ஒரு எடத்துல 'நீக்கு'ன்னு போட்டிருக்கீங்க, ஒரு எடத்துல 'அழி'ன்னு போட்டிருக்கீங்க, இன்னொரு எடத்துல 'குப்பைக்கு அனுப்பு'ன்னு இருக்கு. மூணும் ஒண்ணா, வேற வேறயா?"

"இரண்டு ஒண்ணு டீச்சர், ஒண்ணு வேற."

"எந்த ரெண்டுன்னு படிக்கிறவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அவர் கேட்டது இந்த ஏபிஐயின் மையமான விஷயத்தை. வேர்ட்பிரஸ்ஸின் ஏபிஐயில் பின்னூட்டத்தின் எண்ணைக் கொடுத்து 'டெலீட்' என்ற கோரிக்கையை அனுப்பினால், பெயர் டெலீட் என்று இருந்தாலும் அந்தப் பின்னூட்டம் அழிவதில்லை. குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது. அங்கே இயல்பாக 30 நாட்கள் இருக்கும், அதற்குள் எடுத்து முன்பிருந்த நிலையிலேயே வைத்துவிடலாம். 'ஃபோர்ஸ்' என்பதை 'ட்ரூ' (ஆம்) என்று சேர்த்து அனுப்பினால் மட்டுமே தொட்டியைத் தாண்டி நேராக அழிவு. இவ்வளவு பெரிய வேறுபாடு கோரிக்கையின் வாலில் ஒட்டிய ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. டீச்சரின் கேள்விக்குப் பிறகு கையேடு முழுவதும் இரண்டே சொற்களை வைத்துக்கொண்டேன்: மீட்க முடிந்ததற்குக் 'குப்பைக்கு அனுப்புதல்', மீட்க முடியாததற்கு 'அழித்தல்'. 'நீக்குதல்' என்ற சொல்லைக் கட்டளைகளிலிருந்தும் விளக்கங்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். விளக்கத்துக்கு எங்கள் பகுதி ஆட்களுக்குப் புரிகிற ஒரு வரியையும் சேர்த்தேன்: தெருத் தொட்டியில் இருக்கும்வரை கைவிட்டுத் தேடலாம், லாரி ஏறிக் கொடுங்கையூர் போய்விட்டால் தேட முடியாது. அந்தக் குப்பைமேட்டை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. சில தளங்களில் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும் நாட்களின் எண்ணிக்கையைப் பூஜ்யம் என்று அமைத்திருப்பார்கள். அங்கே தொட்டியே கிடையாது. அப்போது சாதாரண டெலீட் கோரிக்கைக்கு ஏபிஐ 501 என்ற பிழையைத் தந்து, இந்தப் பின்னூட்டத்தைக் குப்பைக்கு அனுப்ப முடியாது, நீக்க வேண்டுமானால் ஃபோர்ஸ் சேர்க்கவும் என்ற பொருளில் ஒரு செய்தியையும் தருகிறது. செய்தி உண்மைதான்; ஆனால் நடுராத்திரியில் வேலையை முடித்துவிட்டுப் படுக்க நினைக்கிற ஒருவருக்கு அது அறிவுரையாகத் தெரியும், அவர் ஃபோர்ஸைச் சேர்த்துவிடுவார். ஆகவே எங்கள் கருவி அந்தச் செய்தியை அப்படியே காட்டாமல், "இந்தத் தளத்தில் குப்பைத் தொட்டி இல்லை, இங்கே நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. கையேட்டிலும் 501 என்ற எண்ணுக்குத் தனித் தலைப்பு கொடுத்திருக்கிறேன், ஏனெனில் சிக்கலில் இருப்பவர் எண்ணைத்தான் தேடுவார்.

அடுத்தது பக்கங்களின் கணக்கு. இதை நான் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்த பிறகே முழுதாக நம்பினேன். இந்த ஏபிஐ ஒரு கோரிக்கைக்கு இயல்பாக 10 பின்னூட்டங்களைத் தரும். கேட்டால் 100 வரை தரும், அதற்குமேல் தராது. 250 விளம்பரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தைக் கேட்டு 1 முதல் 100 வரை குப்பைக்கு அனுப்புகிறோம். பிறகு இரண்டாம் பக்கத்தைக் கேட்கிறோம். ஆனால் இப்போது எஞ்சியிருப்பவை 150தான். வரிசை முன்னால் நகர்ந்துவிட்டது. பழைய 101-ஆம் பின்னூட்டம் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் பக்கமாக நம் கைக்கு வருபவை பழைய வரிசையில் 201 முதல் 250 வரை உள்ளவை. அவற்றையும் அனுப்பிவிட்டு மூன்றாம் பக்கத்தைக் கேட்டால் ஒன்றும் இருக்காது. வேலை முடிந்தது என்று கருவி நின்றுவிடும். நடுவில் இருந்த 100 தொடப்படாமலே கிடக்கும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர்கள் போகப் போக ஆட்கள் நகர்ந்துகொண்டிருக்கும்போது, தரையில் சுண்ணாம்பால் போட்ட எண்ணை வைத்து ஆளைத் தேடுவது போன்றது இது.

எஞ்சிப் போவதாவது பரவாயில்லை, மறுபடி ஓட்டினால் சிக்கும். நாம் பார்த்து ஒப்புக்கொண்ட பட்டியலும் கருவி கைவைத்த பட்டியலும் வேறுவேறாகிவிடுவதுதான் என்னை அச்சுறுத்தியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பின்னூட்டம் ஒன்று வந்தால் வரிசை மறுபக்கம் நகரும். நாம் பார்க்காத ஒன்று தேடுசொல்லோடு பொருந்தி உள்ளே வந்துவிடலாம். ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். முதல் கட்டளை எல்லாப் பக்கங்களையும் படித்து, பொருந்தியவற்றின் எண்களையும் முழு வாசகங்களையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். இரண்டாம் கட்டளை அந்தக் கோப்பில் இருக்கும் எண்களை மட்டும் தொடும், புதிதாக எதையும் தேடாது. இடையில் ஒரு மனிதர் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கலாம், வரிகளை எடுத்துவிடலாம், தேவையானால் மறுநாள் காலை வரை வைத்திருந்து டீ குடித்துவிட்டு மறுபடி பார்க்கலாம்.

அந்தக் கோப்பே காப்பு நகலாகவும் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரணமாகக் கேட்டால் ஏபிஐ பொதுமக்கள் பார்க்கும் வடிவத்தைத்தான் தரும். எழுதியவரின் மின்னஞ்சலும் ஐபி முகவரியும் அவர் தட்டச்சு செய்த மூல வாசகமும் அதில் இரா. திருத்தும் உரிமை உள்ளவர்களுக்கான 'எடிட்' என்ற சூழலைக் குறிப்பிட்டுக் கேட்டால்தான் அவை வரும். நகல் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, மீட்கும் நாளில் பாதி விவரம் இல்லை என்று தெரிவது, நகலே எடுக்காததைவிட மோசமானது. அதே சமயம் மற்றவர்களின் மின்னஞ்சல்கள் அந்தக் கோப்பில் இருப்பதால், அதை வாட்ஸ்ஆப் குழுவில் பகிரக் கூடாது என்பதையும், 60 நாட்களுக்குப் பிறகு அதை அழித்துவிட வேண்டும் என்பதையும் கையேட்டில் அழுத்தமாக எழுதினேன்.

முழு நகல் இருந்தாலும், அழித்ததை அப்படியே திரும்ப வைக்க முடியாது என்பதையும் படிப்பவர் அறிந்திருக்க வேண்டும். மறுபடி பதிவேற்றினால் பின்னூட்டத்துக்குப் புதிய எண் கிடைக்கும். பழைய எண் திரும்பாது. ஒரு பின்னூட்டத்தை அழித்ததும் அதற்கு வந்திருந்த பதில்களை வேர்ட்பிரஸ் ஒரு படி மேலே தூக்கி, அதன் தாய்ப் பின்னூட்டத்தோடு இணைத்துவிடுகிறது. நாங்கள் ஐந்தை மீட்டபோது இதைக் கண்ணாரக் கண்டோம். மில் சங்கைப் பற்றிய ஓர் உரையாடலில், "ஆமாம், அவர் என் பெரியப்பாதான்" என்ற பதில் தாய் இல்லாமல் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. யாருடைய பெரியப்பா, எந்தப் பெரியப்பா என்று அதைப் படிக்கும் யாருக்கும் புரியாது. நாள், நேரம் பார்த்து அந்த இணைப்புகளைக் கையால் ஒட்ட வைக்க எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

தமிழ்ச் சொற்களைத் தேடுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'கடன்' என்பதைத் தனிச் சொல்லாக மட்டும் பொருத்தினால் நேர்த்திக்கடன் தப்பிவிடும் என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால் 'கடனுக்கு', 'கடனை', 'கடன்கள்' என்று வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் ஏற்று வரும் விளம்பரங்களும் சேர்ந்தே தப்பிவிட்டன. இதைவிட மறைவான ஒன்றும் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுமுறை) ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. 'கொடுக்கப்படும்' என்று தேடினால் பாதி விளம்பரங்கள் சிக்காமல் போனதற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. இப்போது தேடுசொல்லையும் பின்னூட்டத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கருவி ஒப்பிடுகிறது. இவ்வளவு செய்த பிறகும், தேடுசொல் என்பது ஆளைச் சுட்டிக்காட்டத்தான் உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது என்ற வரியைக் கையேட்டில் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் கோடையில் மின்சாரம் போவது புதிதன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாட்கணக்கில் இல்லாமலே இருந்தோம். ஆகவே பாதியில் நின்றால் என்ன செய்வது என்ற பகுதியை நான் விரிவாகவே எழுதினேன். கோரிக்கையை அனுப்பிவிட்டோம், பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தது என்றால், வேலை நடந்ததா இல்லையா என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியாது. இணையத்தில் கோரிக்கையும் பதிலும் பரிமாறும் விதிகளான ஹெச்டிடிபி நெறிமுறையின்படி, டெலீட் கோரிக்கையைத் திரும்ப அனுப்பினாலும் சர்வரில் கூடுதல் விளைவு ஏற்படக் கூடாது. பதில் எண் மட்டும் மாறலாம். வேர்ட்பிரஸ்ஸில், ஏற்கெனவே குப்பையில் இருக்கும் பின்னூட்டத்தை மறுபடி குப்பைக்கு அனுப்பினால் 410 என்ற எண் வரும், பின்னூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே 410-ஐக் கண்டு பதற வேண்டாம், அந்தப் பின்னூட்டத்துக்கான வேலை முன்பே முடிந்துவிட்டது என்று கையேடு சொல்கிறது. கருவி ஒவ்வொரு பின்னூட்டத்துக்கான கோரிக்கையையும் அனுப்புவதற்கு முன்பு ஒரு வரி, பதில் வந்த பிறகு ஒரு வரி என்று லாக் (நடந்ததன் பதிவு) எழுதுகிறது. மின்சாரம் வந்ததும் அதே கட்டளையை ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். விநாடிக்கு ஒரு கோரிக்கைக்குமேல் அனுப்புவதில்லை. கோரிக்கைகள் அதிகமாகிவிட்டன என்ற பொருளில் சர்வர் 429 என்று சொன்னால், அது சொல்லும் நேரம் வரை காத்திருக்கும். 250 பின்னூட்டங்களுக்கு நான்கு நிமிடங்களுக்குமேல் ஆகும். ஆகட்டும்.

கடவுச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.6 முதல் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் உருவாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. வேண்டாம் என்றால் அதை மட்டும் ரத்து செய்யலாம். நிர்வாகியின் கணக்கில் உருவாக்க வேண்டாம், எடிட்டர் கணக்கே போதும். கட்டளை வரியில் தட்டச்சு செய்யவும் வேண்டாம், ஏனெனில் கட்டளைகளை ஓட்டும் டெர்மினல் திரை அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

உறுதிப்படுத்தும் கேள்வியிலும் ஒரு மாற்றம் செய்தேன். 'ஆம் அல்லது இல்லை' என்று கேட்டால் விரல் தானாகவே ஆம் என்று அழுத்திவிடுகிறது. இப்போது கருவி, எத்தனை பின்னூட்டங்கள் போகப் போகின்றனவோ அந்த எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. முப்பது இருக்கும் என்று நினைத்தவர் முந்நூறு என்று அடிக்க நேர்ந்தால் கை நிற்கும்.

கையேட்டின் ஐந்தாவது வரைவோடு டீச்சரின் வீட்டுக்குப் போனேன். அவர் கருவியை முன்பு தொட்டதில்லை. கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஓட்டுவது, நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது என்று ஏற்பாடு. எந்த இடத்தில் என்னிடம் கேட்கத் தோன்றுகிறதோ, அந்த இடத்தில் கையேடு போதவில்லை என்று பொருள். அவர் முதல் கட்டளையைப் படியெடுத்து ஓட்டினார். 28 பின்னூட்டங்கள் பட்டியலில் வந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேர்வுத் தாளைத் திருத்துவது போல விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். பதினேழாவதில் விரல் நின்றது.

"தம்பி, இதப் பாருங்க."

நான் பேசவில்லை. மில் மூடியபோது அப்பா வாங்கிய கடனை 2004 வரைக்கும் கட்டினோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது 'நேர்த்திக்கடன்' போன்றதன்று, பணக் கடனேதான். எந்த வடிகட்டியாலும் அதை விளம்பரத்திலிருந்து பிரித்திருக்க முடியாது.

டீச்சர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கையேட்டைப் புரட்டி, 'பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துவிட' என்ற தலைப்பைக் கண்டுபிடித்து, அதில் சொன்னபடி கோப்பைத் திறந்து அந்த வரியை எடுத்துவிட்டுச் சேமித்தார். மீதிப் பதினொன்றையும் படித்து முடித்த பிறகு இரண்டாம் கட்டளையை ஓட்டினார். எத்தனை என்று திரை கேட்டது. 27 என்று ஒற்றை விரலால் தட்டச்சு செய்தார்.